மிதவையின் அடியில் இருக்கும் அந்த ஒரு படி: சின்ன விமானம் தண்ணீரிலிருந்து எழுவது எப்படி

ஒன்டாரியோ மாகாணத்தில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் மேல் ஏரிகள் இருக்கின்றன. கனடாவின் அந்தப் பகுதி வரைபடத்தை விரித்துப் பார்த்தால் நிலத்துக்கு நடுவே தண்ணீர் கிடக்கிறதா, தண்ணீருக்கு நடுவே நிலம் கிடக்கிறதா என்று தெரியாது. அங்கே சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவருக்கு ஓடுபாதை எங்கோ ஓரிடத்தில்தான் இருக்கும், ஏரியோ திரும்பிய பக்கமெல்லாம் இருக்கும். அதனால், பாகம் பாகமாக வரும் கிட் வாங்கி, வீட்டு கராஜில் வைத்து இரண்டு மூன்று வருடம் ரிவெட் (தகடுகளைச் சேர்க்கும் ஆணி) அடித்து விமானம் கட்டி முடிக்கிறவர்களில் பலரும் அடுத்து யோசிப்பது சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிதவை மாட்டினால் என்ன என்பதைத்தான்.

எனக்கு இந்த விஷயத்தில் தீராத ஆர்வம். மிதவை என்றதும் பெரும்பாலானவர்கள் நினைப்பது காற்றடைத்த பெட்டி இரண்டைக் கீழே கட்டித் தொங்கவிடுவதைத்தான். உண்மையில் மிதவை இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்ய வேண்டும். நிற்கும்போது தண்ணீர் அதைத் தாங்க வேண்டும், கிளம்பும்போது அதே தண்ணீர் அதை விட்டுவிட வேண்டும். முதல் வேலை சுலபம், ஒரு பிளாஸ்டிக் டிரம் கூடச் செய்யும். இரண்டாவதுதான் கஷ்டம், மிதவையின் உருவம் முழுக்க அந்த ஒரு காரணத்துக்காக வந்ததுதான்.

முதலில் தாங்கும் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆர்க்கிமிடீஸ் சொன்னது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: ஒரு லிட்டர் நல்ல தண்ணீரை விலக்கினால் ஒரு கிலோ எடையைத் தண்ணீர் தாங்கும். 650 கிலோ விமானம் என்றால் இரண்டு மிதவையும் சேர்ந்து 650 லிட்டர் தண்ணீரை விலக்கினால் மிதக்கும். ஆனால் அவ்வளவு கொள்ளளவில்தான் மிதவை கட்டினோம் என்றால் மிதவையின் மேல்தளம் தண்ணீர் மட்டத்தோடு மட்டமாக நிற்கும், ஒரு சின்ன அலை வந்தாலே கதை முடிந்தது. அதனால் அமெரிக்க விமான விதிகள் ரொம்ப காலமாகச் சொல்லிவருவது, தேவைக்கு மேல் 80 சதவீதம் கூடுதலாக மிதப்பு இருக்க வேண்டும் என்பது. அதாவது 650 கிலோவுக்கு 1170 லிட்டர், ஒரு மிதவைக்கு 585 லிட்டர். நம் ஊரில் தண்ணீர் பிடித்து வைக்கும் 200 லிட்டர் நீல டிரம் மூன்றை வரிசையாகப் படுக்க வைத்தால் எவ்வளவு இடமோ கிட்டத்தட்ட அவ்வளவு. வீட்டில் கட்டும் விமானத்தை இந்த விதி சட்டப்படி கட்டாயப்படுத்தாவிட்டாலும், விவரம் தெரிந்த யாரும் இதற்குக் குறைத்துக் கட்ட மாட்டார்கள்.

இந்த 650-ஐ நான் சும்மா எடுக்கவில்லை. 2004-ல் அமெரிக்காவில் இலகுரக விளையாட்டு விமானம் என்று ஒரு வகையைக் கொண்டுவந்தபோது, நிலத்தில் இறங்குவதற்கு 600 கிலோ, தண்ணீரில் இறங்குவதற்கு 650 கிலோ என்று வரம்பு வைத்தார்கள். மிதவை மாட்டினால் விமானம் கனத்துப்போகும் என்று தெரிந்தே கொடுத்த சலுகை அந்த 50 கிலோ. கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த சி.எச். 750 போன்ற, குட்டையான ஓட்டத்திலேயே எழும்பிவிடும் இரண்டு இருக்கை விமானங்கள் இந்த அளவில் வருபவைதான். மிதவைப் பக்கம் போகிறவர்கள் பலரும் தேர்ந்தெடுப்பது இந்த மாதிரி விமானங்களைத்தான். மெதுவான வேகத்திலேயே பறந்துவிடும் இறக்கை இருந்தால் தண்ணீரோடு மல்லுக்கட்டும் நேரம் குறையும், அது எவ்வளவு பெரிய உதவி என்று பின்னால் புரியும்.

இன்னொன்று, மிதவை ஒரே பெட்டியாக இருக்கக் கூடாது. உள்ளே தடுப்புச் சுவர் வைத்து அறை அறையாகப் பிரிக்க வேண்டும். குறைந்தது நான்கு அறை, அதில் எந்த இரண்டு அறையில் தண்ணீர் புகுந்தாலும் விமானம் கவிழாமல் மிதக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் பழைய விதி. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். நம் 585 லிட்டர் மிதவையை நான்கு சம அறையாகப் பிரித்தால் ஒரு அறை 146 லிட்டர். இரண்டு போனால் மிச்சம் 293. ஆனால் அந்த மிதவை சுமக்க வேண்டிய பங்கு 325 கிலோ. அதனால் அந்தப் பக்கம் தாழ்ந்து, எதிர்ப்பக்க மிதவை கொஞ்சம் சுமையை வாங்கிக்கொண்டு, விமானம் சாய்ந்து நிற்கும். அதையே ஆறு அறையாகப் பிரித்தால் இரண்டு போன பிறகும் 390 லிட்டர் மிச்சம் இருக்கும், தன் சுமையைத் தானே தாங்கும். இரண்டும் முன்பக்க அறைகளாக இருந்துவிட்டால் மூக்கு தாழும் என்பது வேறு விஷயம், இருந்தாலும் தடுப்புக்கு ஆகும் இரண்டு தகடு எடைக்குப் பயந்து அறையைக் குறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிதவையின் பெயரிலேயே இந்த மிதப்புக் கணக்கை எழுதி வைக்கும் வழக்கமும் உண்டு. 1925-ல் நியூயார்க்கில் ஏர்ல் டாட்ஜ் ஆஸ்பர்ன் தொடங்கிய ஈ.டி.ஓ. நிறுவனம் அலுமினிய மிதவைகளுக்குப் பேர் போனது. அவர்களுடைய 2000 என்ற மாடல் என்றால் ஒரு மிதவை ஏறக்குறைய 2000 பவுண்டு தண்ணீரை விலக்கும் என்று பொருள். பழைய மிதவை விலைக்கு வந்தால் அந்த எண்ணைப் பார்த்தே நம் விமானத்துக்குப் பொருந்துமா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

சரி, இனி கஷ்டமான பகுதி. அதற்கு முன் சமையலறைக்குப் போய் ஒரு கரண்டி எடுத்துவாருங்கள். குழாயைத் திறந்து தண்ணீரை ஒரே சீராக விழவிட்டு, கரண்டிக் காம்பின் நுனியை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துத் தொங்கவிட்டு, அதன் முதுகுப் பக்கத்தை மெதுவாகத் தண்ணீர்த் தாரையின் மேல் படவிடுங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதான் தோன்றும். நடப்பது தலைகீழ். கரண்டி தாரைக்குள் இழுத்துக்கொள்ளப்படும், விலக்கப் பார்த்தால் விரலில் அந்த இழுப்பு தெரியும். வளைந்த பரப்பின் மேல் ஓடும் தண்ணீர் அந்த வளைவை ஒட்டிக்கொண்டே போகிறது, போகும்போது பரப்பைத் தன் பக்கம் இழுக்கிறது.

இப்போது மிதவையை நினைத்துப் பாருங்கள். படகு மாதிரி, முன்னால் மூக்கு தூக்கி, பின்னால் வால் பக்கம் மேல்நோக்கி வளைந்து ஏறும் அடிப்பாகம். வேகம் கூடக் கூட அந்தப் பின்பக்க வளைவில் தண்ணீர் ஒட்டி, கரண்டியை இழுத்த மாதிரியே விமானத்தின் வாலைக் கீழே இழுத்துப் பிடிக்கும். எஞ்சின் எவ்வளவு அலறினாலும் விமானம் கிளம்பாது. அமெரிக்க விமான வடிவமைப்பாளர் கிளென் கர்ட்டிஸ் 1912-ல் தன் முதல் பறக்கும் படகை, அதாவது உடலே படகாக இருக்கும் விமானத்தை, வைத்துக்கொண்டு பட்ட பாடு இதுதான். அடிப்பாகத்தில் பாதியில் ஒரு படி வெட்டிய பிறகுதான் அவருடைய அடுத்த படகு தண்ணீரை விட்டு எழுந்தது. இன்றைக்கும் கடல் விமானங்களில் அந்தப் படி இருக்கிறது. பெயரும் படிதான், ஆங்கிலத்தில் ஸ்டெப்.

படி என்ன செய்கிறது? மிதவையின் அடிப்பாகம் மூக்கிலிருந்து நடுப்பகுதி வரை வந்து, அங்கே திடீரென்று சில அங்குலம் உயரம் மேலே ஏறி, அதற்குப் பிறகு வால்வரை சரிவாக மேல்நோக்கிப் போகிறது. கூர்மையான விளிம்பு வந்ததும் வேகமாக ஓடும் தண்ணீரால் திரும்பி ஒட்ட முடிவதில்லை. அந்த இடைவெளியில் காற்று புகுந்துவிடுகிறது. பின்பாதி முழுக்கத் தண்ணீரிலிருந்து விடுபட்டுவிடுகிறது. அதோடு, பின்பாதி மேல்நோக்கிச் சரிந்திருப்பதால், எழும்பும் நேரத்தில் விமானி மூக்கைத் தூக்கும்போது வால் தண்ணீரில் இடிக்காது.

ஒரு மிதவை விமானம் கிளம்புவதைக் கவனித்துப் பார்த்தால் மூன்று கட்டம் தெரியும். முதலில் படகு போல மெதுவாக நகரும், எடை முழுக்கத் தண்ணீரின் மேல். அப்புறம் எஞ்சினை முழுதாகத் திறந்ததும் மூக்கு வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொள்ளும், முன்னால் பெரிய அலை குவியும், அந்த அலைமேட்டைத் தானே ஏற வேண்டியதுபோல விமானம் திணறும். தண்ணீரின் தடை உச்சத்தில் இருப்பது இங்கேதான். எஞ்சின் பலம் போதாத விமானம் இந்த மேட்டிலேயே நின்றுவிடும், ஏரி முழுக்க உழுதுகொண்டே போகலாம், எழும்பாது. பலம் இருந்தால் மேட்டைத் தாண்டி மூக்கு இறங்கி, குளத்தில் தட்டையாக வீசிய ஓட்டாஞ்சில்லு தத்தித் தத்திப் போவதுபோல, படிக்குச் சற்று முன்னால் இருக்கும் சின்னப் பரப்பை மட்டும் தண்ணீரில் வைத்துக்கொண்டு சறுக்கும். படிமேல் ஏறிவிட்டது என்பார்கள். அதற்கப்புறம் வேகம் மளமளவென்று கூடும்.

கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீர்தான் கிளம்ப வசதி என்று நினைப்போம். அதுதான் தொல்லை. சிற்றலை இருந்தால் மிதவைக்கு அடியில் காற்று கலந்து பிடி தளரும், அலையே இல்லாவிட்டால் தண்ணீர் முழுப் பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் விமானிகள் ஒரு பக்க இறக்கையை லேசாகத் தூக்கி முதலில் ஒரு மிதவையை மட்டும் விடுவிப்பார்கள், அப்புறம் மற்றது.

படியை எங்கே வைப்பது என்பதுதான் கட்டுகிறவர் தப்பே பண்ணக் கூடாத இடம். விமானத்தின் எடை மையத்துக்குச் சற்றே பின்னால் வர வேண்டும். அதிகம் பின்னால் போனால், சறுக்கும்போது மூக்கைத் தூக்க முடியாமல் தண்ணீரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் வந்துவிட்டால் பாரம் படிக்குப் பின்னால் விழுந்து, மூக்கும் வாலும் மாறி மாறி ஏறி இறங்கும் ஆட்டம் தொடங்கும், கடலில் டால்ஃபின் குதிப்பது போல. அந்த ஆட்டம் ஒவ்வொரு துள்ளலுக்கும் பெரிதாகிக்கொண்டே போகும் குணமுள்ளது, பிடிக்காமல் விட்டால் விமானத்தையே கவிழ்த்துவிடும். விமானம் கட்டும்போது எடை மையத்தை எழுதி வைத்தது போதும் என்று விட்டுவிடாமல், மிதவைக்கு முன் ஒரு முறை, மாட்டிய பின் ஒரு முறை தராசில் ஏற்றி எடை பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அடிப்பாகம் தட்டையாக இல்லாமல் ஆங்கில வி எழுத்து போல இருப்பதற்கும் காரணம் உண்டு. சக்கரத்துக்கு டயரும் ஸ்பிரிங்கும் இருக்கும், மிதவையோ குழாய்களால் விமான உடலோடு இறுக்கிக் கட்டப்பட்டது. தண்ணீரை மெத்தை மாதிரி நினைப்பவர்கள் கிணற்றில் வயிறு அடிபட ஒரு தடவை குதித்துப் பார்த்திருந்தால் போதும். தலைகீழாகக் கை கூப்பிக் குதிக்கிறவருக்கு வலிக்காத அதே காரணத்துக்காகத்தான் மிதவைக்கும் கூரான அடி. படகு கட்டுகிறவர்கள் ஏரா என்று சொல்லும் அடி முதுகெலும்பு அந்தக் கூரில்தான் ஓடும், கரையில் இழுத்தேற்றும்போது மணலும் கல்லும் உரசுவது அதில்தான் என்பதால் அங்கே தேய்ந்தால் மாற்றக்கூடிய ஒரு பட்டையும் வைப்பார்கள்.

எதில் கட்டுவது? பிரான்சில் ஆன்ரி ஃபாப்ர் 1910 மார்ச் 28 அன்று உலகத்தில் முதன்முதலாக எஞ்சின் விமானத்தைத் தண்ணீரிலிருந்து எழுப்பியபோது அவர் மிதவைகள் மரத்தில் செய்தவை. இன்றும் பிளைவுட்டும் எபாக்சியும் வைத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஃபைபர் கிளாஸ் உண்டு, உள்ளே பல பைகள் வைத்துக் காற்று நிரப்பும் துணி மிதவையும் உண்டு. ஆனால் ஏற்கெனவே தகட்டு விமானம் கட்டிப் பழகியவருக்கு அலுமினியம்தான் கைக்கு வசப்படும். சி.எச். வரிசை விமானங்கள் 6061-டி6 என்ற அலுமினியக் கலவையில் கட்டப்படுபவை, மிதவைக்கும் அது நல்ல தேர்வு, ஏனென்றால் வலிமையில் 2024 என்ற கலவையைவிடக் குறைவு என்றாலும் துரு அரிப்பை அதைவிட நன்றாகத் தாங்கும். உப்புத் தண்ணீர்ப் பக்கம் போவதாக இருந்தால் ஒவ்வொரு தகட்டுக்கும் பொருத்துவதற்கு முன்பே ப்ரைமர் அடித்துவிட வேண்டும், எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்திலெல்லாம் நடுவில் ஏதாவது ஒரு பூச்சு இருக்க வேண்டும். பறந்து வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

தகட்டு வேலை செய்தவருக்கு இதில் புதிதாக இருப்பது சீலன்ட், தண்ணீர் புகாமல் இடுக்குகளை அடைக்கும் பசை. இரண்டு டப்பாவில் வரும், கலந்தால் வெல்லப்பாகு மாதிரி இழுபடும் கறுத்த பசை, கந்தக நாற்றம் அடிக்கும், கையில் பட்டால் நாலு நாளைக்குப் போகாது. தகடும் தகடும் சேரும் ஒவ்வொரு விளிம்பிலும் இதைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே ரிவெட் அடிக்க வேண்டும், ரிவெட்டையும் இதில் தோய்த்தே போட வேண்டும். கலந்ததிலிருந்து கெட்டியாகும் வரை குறிப்பிட்ட நேரம்தான், அதற்குள் அந்த வரிசையை முடித்தாக வேண்டும் என்பதால் ஓட்டையெல்லாம் முன்னமே போட்டு, பிசிறு எடுத்து, துடைத்து, கிளிப் மாட்டி ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். அடித்து முடித்தபின் விளிம்பில் பசை எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பிதுங்கி வந்திருக்கிறதா பாருங்கள். பிதுங்காத இடம்தான் நாளைக்கு ஒழுகப்போகிற இடம்.

ஒழுக்குச் சோதனைக்கு இரண்டு வழி. பஞ்சர் கடையில் செய்வது போல உள்ளே காற்றைக் கொடுத்து வெளியே சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்க்கலாம். ஆனால் கம்ப்ரசரைக் கொண்டுவந்து சொருகிவிடாதீர்கள். சதுர அங்குலத்துக்கு ஒரே ஒரு பவுண்டு அழுத்தம்தானே என்று தோன்றும், ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் அது ஏறக்குறைய 700 கிலோவாகிவிடும், கட்டிய மிதவை பலூன் மாதிரி உப்பிக் கெட்டுப்போகும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. மிதவையைத் தடுப்புச் சுவர்களுக்கு நேர் கீழே முட்டுக் கொடுத்து நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு அறையில் மட்டும் தண்ணீர் நிரப்பி, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டுக் காத்திருப்பது. எந்த ரிவெட் தலையில் முத்து மாதிரி துளி கட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். ஆறு அறை மிதவையில் ஒரு அறைக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ தண்ணீர் என்பதை மறந்து பலவீனமான முட்டில் நிறுத்திவிடக் கூடாது.

இவ்வளவு செய்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். எல்லா மிதவையிலும் வரும். அதற்காக ஒவ்வொரு அறையிலிருந்தும் மேல்தளம்வரை ஒரு குழாய் வைத்து, வாயை ரப்பர் பந்தால் அடைத்திருப்பார்கள். பறப்பதற்கு முன் பந்தை எடுத்துவிட்டுக் கைப்பம்பை வைத்து உறிஞ்சிவிட வேண்டும். பழகிய விமானிகள் அறைக்கு எத்தனை இழுப்பு என்று எண்ணுவார்கள். நேற்று மூன்று இழுப்பில் காற்று வந்த அறை இன்றைக்குப் பதினைந்து கேட்டால் அடியில் எங்கோ தையல், அதாவது தகடுகள் சேரும் இடம், விட்டிருக்கிறது. வால் பக்க அறையில் 20 லிட்டர் கிடந்தால் எடை மையம் பின்னால் தள்ளிப்போகும் என்பதால் இது வெறும் சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. குளிர்காலத்தில் ஏரி உறையும் ஊர்களில், மிச்சம் கிடக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து தையலையே பிளந்துவிடும்.

மாட்டுவதில் முக்கியமானது நேர் பார்ப்பது. விமானத்தைச் செயின் பிளாக்கில் தூக்கி நிறுத்தி, இரண்டு மிதவையையும் அடியில் தள்ளி, குறுக்கே இரண்டு குழாயால் ஜோடி சேர்க்க வேண்டும். மிதவைகள் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபும், மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டு நீளமும் ஒன்றுதானா என்று பார்க்கும் பழக்கமும் இங்கே அப்படியே உதவும். விமான உடலில் முன் தாங்கிகள் பெரும்பாலும் சக்கரம் மாட்டியிருந்த பலமான இடத்திலேயே வந்துவிடும். பின் தாங்கிக்குத்தான் புதிதாக இடம் பலப்படுத்த வேண்டும், அது உள்சட்டம் இருக்கும் இடமாக இருக்க வேண்டும், வெறும் தகட்டில் போல்ட் போட்டால் முதல் முரட்டு இறக்கத்திலேயே பிய்த்துக்கொண்டு வரும். எந்தச் சட்டம், எத்தனை டிகிரி கோணம் என்பதை விமானத்தை வடிவமைத்தவரின் வரைபடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், ஊகம் வேண்டாம். அப்புறம் தாங்கு குழாய்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிகள், ஆடுகிற பெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை அடித்தால் ஆட்டம் நிற்குமே, அதே வேலைதான். மெல்லிய கம்பிதானே என்று அதைத் தளர விட்டால் மொத்தக் கட்டுமானமும் ஒரு பக்கமாக மடங்கும்.

புரொப்பெல்லர் நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே 18 அங்குலம் இடைவெளி என்பது பழைய விதி. தண்ணீர்த் துளி புரொப்பெல்லர் விளிம்பை மணல்தாள் போல அரித்துவிடும் என்பதால் அந்த இடைவெளியில் கஞ்சத்தனம் கூடாது. பக்கவாட்டில் தெறிக்கும் தண்ணீரைக் கீழே மடக்கிவிட மிதவை ஓரத்தில் ஒரு சின்ன வளைந்த பட்டையும் ஓடும். மிதவையின் பின்னால் ஆளுக்கொரு சுக்கான், கால் பெடலோடு கேபிளில் இணைத்து, மெதுவாகப் போகும்போது மட்டும் இறக்கி, கிளம்பும்போது தூக்கிவிடுவதற்கு. இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கலாம்: மிதவை மூக்குகள் விமானத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் காற்றில் விமானம் பக்கவாட்டில் அலையப் பார்க்கும், பட்டத்துக்கு வால் கட்டுவது மாதிரி வால் பகுதிக்கு அடியில் ஒரு கூடுதல் துடுப்பு வைத்தால் சரியாகும்.

சக்கரமும் உள்ளே மடங்கும் இருவழி மிதவை வேண்டும் என்று பலருக்கும் ஆசை இருக்கும். முதல் தடவைக்கு வேண்டாம் என்பேன். எடை இன்னும் ஏறும், அதைவிட முக்கியம், சக்கரத்தை இறக்கியபடி தண்ணீரில் இறங்கினால் சக்கரம் தண்ணீரைக் கவ்வி விமானத்தை அப்படியே தலைகுப்புறக் கவிழ்க்கும். அனுபவசாலிகளுக்கே நடந்திருக்கிறது.

எல்லாம் முடிந்து ஏரிக்குக் கொண்டுபோகும் அன்று எஞ்சினைக் கிளப்ப அவசரப்பட வேண்டாம். துறையில் கட்டிப்போட்டு ஒரு ராத்திரி அப்படியே மிதக்க விடுங்கள். இருட்டுவதற்குள் மிதவையின் பக்கத்தில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று இரண்டு பக்கமும், முன்னாலும் பின்னாலும் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். விடிந்ததும் போய் முதலில் கோட்டைப் பாருங்கள், அப்புறம் பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, பம்பை வைத்து, அறை அறையாக எண்ணி ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்கள்தான் இனி ஒவ்வொரு காலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.